பிரிக்கப்படாத முதற்பிரதி

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. இடம்: கல்முனைக்குடி. பெயர்: ஆதம்பாவா ஜவுபர். வயது: ஐம்பத்தொன்பது. தொழில்: மூக்குக்கண்ணாடி விற்பனை. சேகரிப்பு: நூல் வெளியீட்டு விழாக்களில் மேடையில் வைத்துக் கையளிக்கப்பட்ட முதற்பிரதிகள், அறுபத்து மூன்று.

அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பிய ஜவுபர், வாடிக்கையாளர் அமரும் நாற்காலியில் ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, எதிரே குந்தியிருக்கிறார். வில்லையின் தடிப்பைப் பார்க்கும் கருவியால் புத்தகத்தின் முதுகை மேலே, நடுவே, கீழே என அளக்கிறார். அளவுகள் ஒன்றாக வருவதில்லை. அதில் அவருக்கு வியப்புமில்லை. “மனிசனுக்கு மட்டும் ரெண்டு காதும் ஒரே உசரத்திலயா இரிக்கி?” என்று கேட்டுவிட்டு, அட்டையை வெட்டத் தொடங்குகிறார்.

இப்பகுதியில் ஒரு நூல் வெளியாகும்போது, அதன் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள ஒருவர் மேடைக்கு அழைக்கப்படுவார். பெரும்பாலும் அவர் ஆலை உரிமையாளராகவோ ஒப்பந்தக்காரராகவோ இருப்பார். மினுங்கும் தாளில் சுற்றி நாடா கட்டிய பொதி தாம்பாளத்தில் வரும், நூலாசிரியர் கொடுப்பார், பெறுபவர் புகைப்படக் கருவியைப் பார்ப்பார். வேறு எந்தப் பிரதியிலும் இல்லாத ஒரு வாசகம் நூலாசிரியரின் கைப்பட அதில் இருக்கும். சிறப்புப் பதிப்பு என்ற சொல்லுக்கு ஜவுபர் கொள்ளும் பொருள் இதுவே: அச்சிட்டவை ஐந்நூறாக இருந்தாலும் முதற்பிரதி ஒன்றுதான்.

பெற்றவர்களின் வீடுகளுக்கு அவர் தேடிச் செல்கிறார். அலுமாரி ஒதுக்கிப் பழையவற்றைக் கழிக்கும் காலம் பார்த்துச் செல்வதில் அவருக்குத் தேர்ச்சி உண்டு. புத்தகத்துக்கு மாற்றாக, வீட்டிலுள்ள மூத்தவரின் கண்ணைப் பரிசோதித்து ஒரு கண்ணாடி செய்து கொடுப்பார். “வாசிக்காத புத்தகத்தத் தந்துட்டு, வாசிக்கிற கண்ணாடிய வாங்கிட்டுப் போறாங்க. ஆருக்கு நட்டம்?” என்பது கடையில் அடிக்கடி கேட்கும் அவருடைய பகிடி.

பெட்டிகளை அவரே செய்கிறார். உள்ளே சாம்பல் நிறத் தடித்த அட்டை. வெளியே மருதமுனைக் கைத்தறித் துணி. புத்தகம் படும் இடத்தில், கண்ணாடி துடைப்பதற்குக் கொடுக்கும் மெல்லிய துணி. கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்ச, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிறு மணிப் பொட்டலங்களை ஒவ்வொன்றிலும் இடுகிறார். பக்கத்துச் சப்பாத்துக் கடை நளீம் அவற்றைச் சேர்த்து வைத்திருந்து, “இந்தா ஒங்கட புத்தகங்களுக்குப் பசியாற” என்று கொடுப்பார்.

பெட்டியின் முதுகில் நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ இராது. பெற்றவரின் பெயர்தான் இருக்கும். அந்த வரிசையிலேயே அடுக்கியும் இருக்கிறார். எழுதியவரை உலகம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், மேடையேறி வாங்கியவரை யார் நினைக்கப்போகிறார்கள் என்பது அவர் தரும் விளக்கம். முதற்பிரதியை அவர் வாசிப்பதுமில்லை. வாசிப்பதற்கென்று வேறொரு பிரதியை வாங்கிக்கொள்கிறார்.

அறுபத்து மூன்றில் நான்கு, உண்மையில் புத்தகங்களே அல்ல. அச்சுவேலை விழாநாளுக்குள் முடியாமற்போனால், ஏற்பாட்டாளர்கள் கைக்கு அகப்பட்டதைச் சுற்றி மேடைக்கு அனுப்பிவிடுவதுண்டு. ஒன்றினுள்ளே பாடசாலை விஞ்ஞானப் புத்தகம். மற்றொன்றினுள்ளே ஓரெழுத்தும் எழுதப்படாத அப்பியாசக் கொப்பி. அவற்றுக்கும் அதே துணியில், அதே கவனத்துடன் பெட்டி செய்திருக்கிறார். மேடையில் கைமாறியது அதுவென்றால் முதற்பிரதியும் அதுவே என்பதில் அவருக்கு ஐயமில்லை.

அவருடைய மனைவி ஹுஸ்னியா இச்சேகரிப்பை எதிர்ப்பவரல்லர்; ஆனால் விட்டுக்கொடுப்பவருமல்லர். “அலுமாரி ஒண்டு வாங்கித் தாங்க எண்டு கேட்டு எத்தின வருசம். இந்த மனிசன் புத்தகத்துக்கெல்லாம் தனித்தனியா வீடு கட்டிக் குடுக்காரு” என்று, தேநீர் வைத்தபடியே வந்தவர்களிடம் முறையிடுவார்.

சேகரிப்பில் ஒன்று மட்டும் பிரிக்கப்படாதது. நீலத்தாள், வெள்ளி நாடா, தாளின்மேல் மையால் எழுதிய விபரம்: “மதகடிக் கவிதைகள், வீரமுனை க. கதிர்காமன், 28.05.1989.” அதைப் பெற்றவர் இறக்காமத்து ஆலை உரிமையாளர் ஒருவர். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தது அப்படியே இருந்தது; அவர் காலமானபின் மகள் றஹீமா கொடுத்தார். மேடையில் இருந்த கோலத்திலேயே தன்னிடம் வந்து சேர்ந்த பொதி இது ஒன்றுதான் என்று ஜவுபர் சொல்வார். அதற்கான பெட்டியில் மட்டும் கண்ணாடி பதித்திருக்கிறார், நாடா தெரியும்படி.

கடந்த ஜூலையில் அப்பொதியைத் தேடி ஒருவர் வந்தார். கதிர்காமனின் மகள் நிலாந்தினி. கல்முனையில் தாதியாகப் பணிபுரிகிறார். தொண்ணூறாம் ஆண்டு வன்செயலின்போது வீட்டை விட்டுப் போகையில் எஞ்சிய பிரதிகள் எல்லாம் போய்விட்டன. நூலகங்களில் தேடினார், நண்பர்களிடம் கேட்டார், எங்கும் இல்லை. கைப்பிரதியும் இல்லை. பொதியைப் பிரித்துப் பார்க்க விட்டால் படமெடுத்து, தந்தை இருக்கும்போதே மறுபதிப்புச் செய்துவிடலாம் என்றார். ஜவுபரைக் காக்கா என்று அண்ணன் முறைவைத்து அழைத்தார்.

“அப்பாக்கு எண்பத்தி நாலு, காக்கா. எல்லாத்தையும் மனசாலதான் சொல்லுவார். ஒரு வரி மறந்திட்டெண்டா அண்டைக்குச் சாப்பிடமாட்டார்.”

ஜவுபர் உடனே இணங்கவில்லை. பிரித்தபின் அதுவும் மற்ற அறுபத்திரண்டைப் போல ஆகிவிடும். உள்ளே வெற்றுக் கொப்பி இருந்துவிட்டால் இருவருக்குமே ஒன்றும் மிஞ்சாது. இதை அவர் மறைக்காமல் சொன்னார். தாம்பாளத்தை மேடைக்குக் கொண்டுசென்றது அப்போது ஏழு வயதுச் சிறுமியாயிருந்த தானே என்றும், பொதி நல்ல பாரமாக இருந்தது என்றும் நிலாந்தினி பதில் சொன்னார். ஜவுபர் யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவைத்தார்.

சில வாரங்கள் அவர் யோசித்தார். பெட்டியை மேசையில் எடுத்து வைப்பதும் திரும்ப அடுக்குவதுமாக இருந்தார். “இதுக்கு ரெண்டாவது பிரதி எங்க கிடைக்கும் எண்டு நானும் விசாரிச்சன். இல்ல” என்று ஒருநாள் தானாகவே சொன்னார். ஹுஸ்னியா அப்போது குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

“எழுதின மனிசன் வீரமுனையில உசிரோட இரிக்காரு. நீங்க ஆருக்காக இதப் பூட்டி வெச்சிரிக்கீங்க?”

ஆகஸ்ட் 16, வெள்ளி. ஜும்ஆவுக்குப் பின் கடை திறக்கப்படவில்லை. நிலாந்தினியை வரச் சொல்லியிருந்தார். கண்ணாடி துடைக்கும் துணியை மேசையில் விரித்து, பொதியை அதன்மேல் வைத்தார். பிளாஸ்டிக் சட்டங்களை இளக்கி வளைக்கும் சூட்டுக் கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, நாடாவின் பசையை இளகச் செய்தார். எங்கும் கிழியவில்லை. நீலத்தாள் மடிப்பு மடிப்பாக விரிந்தது.

உள்ளே இருந்தது புத்தகம். அட்டையில் மதகொன்றின் கோட்டுப்படம். முதற்பக்கத்தில் கதிர்காமனின் கையெழுத்து. நிலாந்தினி முதற் கவிதையை உதடசைத்து வாசித்தார். அடுத்ததை வாசிக்கும்போது, அப்பா சொல்வதும் இதே வரிதான் என்றார். பதினாறாம் பக்கம்வரை புரட்டினார். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசித் தாள்வரை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஹுஸ்னியா கையிலிருந்த தேநீர்த் தட்டை மேசையில் வைக்காமல் நின்றார்.

நடந்தது என்னவாக இருக்கும் என்று ஜவுபர் மெதுவாக எடுத்துச் சொன்னார். அச்சுத் தாளொன்றை மடித்தால் பதினாறு பக்கங்கள் வரும். அச்சகத்தில் விழாவுக்கு முன் முடிந்தது அந்த ஒரு தாள்தான். மிகுதிக்கு வெள்ளைத்தாள் வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். முழுமையான பிரதிகள் பின்னர் வந்திருக்கும்.

“ஏழு கவிதை வந்திருக்கு” என்றார் நிலாந்தினி. பிறகு, “அப்பாட்ட என்னெண்டு சொல்ற?” என்றார்.

“மத்ததுகள அவர் மனசால செல்லுவாரா?” என்று கேட்டார் ஜவுபர்.

“ஓம். சிலது அப்பிடியே. சிலது நாளைக்கொரு மாதிரி.”

“அப்ப இத நீங்க கொண்டு போங்க, தங்கச்சி. வெள்ளத்தாள் சும்மாதானே கிடக்கு. அவர் செல்லச் செல்ல இதிலயே எழுதுங்க.”

“முதற்பிரதியிலயா? பேனையாலயா, காக்கா?”

ஜவுபர் நீலத்தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கண்ணாடி பதித்த பெட்டிக்குள் வைத்தார். பின்பு புத்தகத்தை வாங்கி அளக்கத் தொடங்கினார். தாளுறை போய்விட்டதால் அதற்கு இனி வேறு பெட்டி வேண்டும். செய்து முடித்து வீரமுனைக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அட்டைத் துண்டின் மூலையில் பென்சிலால் மில்லிமீட்டரில் குறித்தார்: நீளம் 184, அகலம் 123, தடிப்பு 9. வெற்றுத்தாள்களின் விளிம்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

“எழுதினாத் தாள் ஊதும்” என்றார், ஹுஸ்னியாவின் பக்கம் திரும்பி.

ஒன்பதைக் கோடிட்டு வெட்டிவிட்டு, அருகே எழுதினார்: 12.