மைத்துனரின் அளவுகோல்

2009 மார்ச் 31 — 240 வண்டி
2013 மார்ச் 31 — 233 வண்டி
2017 மார்ச் 31 — 226 வண்டி
2019 மார்ச் 31 — 221 வண்டி

என் மனைவியின் தம்பி ஓடையில் அள்ளிய மணலின் கணக்கு இது. அரசு உரிமத்தின்படி முப்பது மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும்; மழையில் குழி மறுபடி மணலால் நிரம்பிவிடும். வண்டிக்கு ஒரு கன மீட்டர். ஆண்டறிக்கை எழுதுவது நான்.

அவரிடம் ஒரு மரக்கோல் உண்டு. ஒரு மீட்டரில் சிவப்புக் கோடு. குழியின் குறுக்கே கயிறு கட்டிக் கோலை ஊன்றுவார். கோடு கயிற்றைத் தொட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிடுவார். பிறகு ஒரு கூடை கேட்டாலும் அசையமாட்டார். வண்டிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கோட்டுக்காரர்’.

2019 ஏப்ரல் 4 அன்று நோட்டீஸ் வந்தது. பாலத்துத் தூணின் அடி வெளியே தெரிகிறதாம், அவர் ஆழமாகத் தோண்டியதுதான் காரணமாம். உண்மையென்றால் உரிமம் ரத்து. ஐம்பத்தாறு வயதில் வேறு தொழில் தெரியாது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“அத்தான், நான் கோட்டைத் தாண்டுற ஆளா?”

“அதான் ஆய்வாளர் வந்து அளக்கப்போறாரே.”

ஏப்ரல் 11 அன்று ஆய்வாளர் எஃகு நாடாவுடன் வந்தார். ஏழு இடங்களில் அளந்தார். ஏழிலும் 92 சென்டிமீட்டர்.

“ஒரு மீட்டர் வரைக்கும் எடுக்கலாமே. ஏன் விட்டுட்டீங்க?”

“விடலையே சார். கோல் வச்சுத்தான் தோண்டினேன்.”

“அந்தக் கோலைக் குடுங்க.”

பத்து வருடம் சரளையில் ஊன்றி ஊன்றி அடி தேய்ந்திருந்தது. அடியிலிருந்து கோடு வரை 92.

கரையில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வண்டி குறையுதேன்னு கேட்டா, வயசாயிடுச்சுன்னு தினமும் முதுகுக்குத் தைலம் தேய்க்க வச்சாரு சார்! தேஞ்சது முதுகில்ல, கோலு! ஏன் அண்ணா, எழுதுற உங்களுக்குமா தெரியல?”

ஆழம் 1.00 என்று வருடந்தோறும் எழுதியவன் நான். குறைந்துகொண்டே வந்த வண்டிக் கணக்கும் அதே தாளில், என் கையெழுத்தில்தான் இருந்தது. முப்பதை எட்டால் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆய்வாளர் போன பிறகும் மைத்துனர் முகம் தெளியவில்லை.

“பழைய அறிக்கையெல்லாம் தப்பு, அத்தான். திருத்தி அனுப்பணும்.”

“சும்மா இருங்களேன்,” என்றார் அவர் மனைவி. “தப்பா எழுதிக்குடுத்தோம்னு உரிமத்தையே புடுங்கிட்டா?”

“புடுங்கட்டும். நீங்க எழுதுங்க, அத்தான்.”

எழுதினேன். பத்து வருட வண்டிக் கணக்கிலிருந்து ஆழத்தைத் திரும்பக் கணக்கிட்டு, தவறு என்னுடையது என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே மைத்துனர் வாசலுக்கு ஓடுவார். இடையில் கோலின் அடிக்கு இரும்புப் பூண் போட்டு, நாடா வைத்துச் சிவப்புக் கோட்டைப் புதிதாக வரைந்தார்.

பதிலில் நான்கு வரிகள்: புகார் தள்ளுபடி. திருத்தம் ஏற்கப்பட்டது. உரிமம் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. கோலை ஆண்டுக்கொரு முறை அளந்து காட்ட வேண்டும்.

கடிதம் வந்த நாள்: 2019 மே 27.