அவர்கள் வீட்டுப் புல் கலக்காத லஸ்ஸி

வெறும் பாத்திரத்தோடு கேஜோ சாச்சி தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் வாங்கப் போகும் தூக்காக இருந்தாலும், ஓட்டை அடைக்கக் கொண்டுபோகும் பால் செம்பாக இருந்தாலும், உள்ளே இரண்டு வெங்காயமாவது போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார். எண்ணெய்க் கடைக்காரர் வெங்காயத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு எண்ணெய் ஊற்றுவார். சாச்சி அந்த வெங்காயத்தைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு திரும்புவார். பதினைந்து வருஷமாக இப்படித்தான்.

காரணம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஹோஷியார்பூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். ஊரின் மேற்கு ஓரம் எங்கள் தெரு. அங்கிருந்து ஒரு பெண் வெறும் பாத்திரத்தோடு கிழக்கே நடந்தால், நிலக்காரர் வீட்டுக்கு லஸ்ஸி கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் லஸ்ஸியை அவர்கள் விற்க மாட்டார்கள். விற்பது கேவலம். கேட்டு வருகிறவர்களுக்கு ஊற்றுவார்கள். கேட்பது யாருக்குக் கேவலம் என்று யாரும் பேசியதில்லை.

சாச்சி என் அப்பாவின் தம்பி மனைவி. முழுப்பெயர் குர்மேஜ் கௌர். ஒரே முற்றத்தில் எங்கள் அடுப்பு இந்தப் பக்கம், அவர் அடுப்பு அந்தப் பக்கம். கல்யாணமாகி வந்த எட்டாம் நாள் நிலக்காரர் வீட்டம்மா சர்தார்னி நச்சத்தர் கௌரின் தொழுவத்தில் சாணி அள்ளப் போனவர், பதினோரு வருஷம் போனார். கூலி இரண்டு ரொட்டி, ஒரு செம்பு லஸ்ஸி, அறுவடைக்கு ஒரு மூட்டை கோதுமை, அவர்கள் வரப்பில் புல் அறுத்துக்கொள்ளும் அனுமதி. சாச்சி தண்ணீர் குடிக்கும் டம்ளர் அங்கே வரட்டிக் கொட்டகையின் மாடத்தில் தனியாக இருந்தது. பிறகு, தோஹாவில் சாரம் கட்டும் அவர் புருஷன், என் சாச்சா, அனுப்பிய பணத்தில் ஓர் எருமை வாங்கினார்கள். எருமை வந்த மறுநாளே சாச்சி கிழக்கே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்; வரப்பில் புல் அறுப்பது மட்டும் நிற்கவில்லை. அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்தார்னி போன் செய்தார். மகனும் மருமகளும் கனடா போகிறார்களாம். வியாழக்கிழமை காலை உன் வீட்டுக்கு வருகிறேன், பேச வேண்டும் என்றார். சாச்சி போனை வைத்துவிட்டு, உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னார். “சாணி அள்ள ஆளில்ல. அதுக்குத்தான் வர்றா. ஒரு டீயப் போட்டுக் குடு, வேலைக்கு வர முடியாதுன்னு சொல்லு, தீர்ந்துது.”

“டீ குடிக்க மாட்டாங்கக்கா. நம்ம தெருவுல எந்தக் கல்யாணத்துல டீ குடிச்சிருக்காங்க? மூடி தொறக்காத கலர் பாட்டில்தான். அதையும் ஸ்ட்ரா போட்டுத்தான்.”

“அப்ப கலரே வாங்கி வையேன்.”

“மாட்டேன். நான் செஞ்சத, நம்ம டம்ளர்ல, வாய் வச்சுக் குடிக்கணும். குடிச்சாத்தான் பேச்சு. இல்லேன்னா அவங்க என்ன கேட்டாலும் எனக்குக் காது கேக்காது.”

வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் சாச்சி ஓரிடத்தில் நிற்கவில்லை.

வெயிலில் வருகிறவருக்கு எங்கள் ஊரில் லஸ்ஸிதான் கொடுக்க வேண்டும். ஆனால் லஸ்ஸியை எப்படிக் கொடுப்பது? “அவங்க ஊத்தினத அவங்களுக்கே திருப்பி ஊத்தற மாதிரி இருக்கும்” என்றார் சாச்சி. ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது வழி கிடைத்துவிட்டது. “மாம்பழம் போட்டுட்டா? அப்ப அது வேற சாமான்தானே? அவங்க வீட்டுல யாரும் எனக்கு மாம்பழ லஸ்ஸி ஊத்தினதில்லையே!”

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், பி.ஏ. முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எதற்கும் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்ற நமைச்சல் நாக்கிலேயே இருந்தது.

“மாம்பழம் வேற சரி சாச்சி. எருமை திங்கிற புல்லு யார் வரப்புல அறுக்கற?”

சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அம்மா சிரித்தார். சாச்சி சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எருமையிடம் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது.

“புல்லு மட்டுமாடி? தயிரு?”

எருமை கன்று போட்ட வாரம், முதல் பாலைத் தோய்க்க உறைமோர் கேட்டு சாச்சி சர்தார்னி வீட்டுக்குத்தான் போயிருந்தார். அந்த ஒரு கரண்டியிலிருந்து மறுநாள் தயிர், அதிலிருந்து அதற்கு மறுநாள். நான்கு வருஷமாக எங்கள் முற்றத்தில் தோய்ந்த தயிரெல்லாம் அந்தக் கரண்டியின் பேரப்பிள்ளைகள். நான் யோசிக்காததை அவர் யோசித்துவிட்டார்.

பானையில் இருந்த தயிர் அத்தனையையும் கொண்டுவந்து எங்கள் பாத்திரத்தில் கொட்டினார். அம்மா மோர்க்குழம்பு வைத்தார். காலிப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, திங்கட்கிழமை முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்தார் சாச்சி.

“அடியே, பைத்தியம் பிடிச்சிருக்கா? அவளுக்கு இதெல்லாம் தெரியப் போகுதா?” என்றார் அம்மா.

“எனக்குத் தெரியுமில்ல.”

உறை இல்லாமல் தயிர் தோய்க்கப் பச்சை மிளகாய்க் காம்பு போதும். வெதுவெதுப்பான பாலில் பத்துப் பன்னிரண்டு காம்பைப் போட்டு மூடி, கோதுமைத் தொட்டிக்குள் புதைத்து வைத்தார். முதல் தடவை பால் பாலாகவே இருந்தது, மிளகாய் வாசனையோடு. இரண்டாம் தடவை தோய்ந்தது. ஆனால் கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகத் தொங்கியது. அதிலிருந்து ஒரு துளி எடுத்து மூன்றாம் தடவை தோய்த்ததுதான் தயிராக வந்தது. வெட்டினால் நிற்கும் தயிர். சாச்சி என் வாயில் ஒரு விரல் தடவினார். புளிப்பு வேறு மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

புல்லுக்கு மழைக்கால ஓடையின் மணல் படுகைக்குப் போனார். போக வர ஆறு கிலோமீட்டர். அது யாருடைய வரப்பும் இல்லை, சர்க்கார் நிலம். அங்கே விளைவது முரட்டுப் புல். எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பால் பாதியாகக் குறைந்தது.

“தின்னுடி மகாராணி. உனக்கும் அவங்க வீட்டு ருசி போகல” என்று அதன் நெற்றியில் தட்டினார்.

நான் புல்லைப் பற்றிச் சொன்னது விளையாட்டுக்கு என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். “நீ சரியாத்தான் சொன்ன. படிச்சவ” என்றார். அதைக் குத்தலாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை இருவரும் பஸ் ஏறி ஹோஷியார்பூர் போனோம். பெரிய பழம் வேண்டாம், சப்பிச் சாப்பிடும் நாட்டுப் பழம்தான் என்றார். தள்ளுவண்டிக்காரரிடம் பழத்தை அழுத்திப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்.

“எந்தத் தோப்புப் பழம் இது?”

“நல்ல தோப்புதான்.”

“எங்க ஊர்ப் பக்கமா?”

“உங்க ஊர் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும் அக்கா?”

“கிழக்க ரெண்டு மாடி வீடு, பச்சை கேட்டு, அவங்க தோப்பு இல்லையே?”

“பழம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? தோப்புப் பத்திரம் வேணும்னா வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வரவா?”

இமாசல் பக்கத்துப் பழம் என்று அவர் சத்தியம் செய்த பிறகு ஒரு வாளி வாங்கினோம்.

வியாழக்கிழமை விடிந்ததும் பழங்களை வாளித் தண்ணீரில் போட்டார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டித் தளரவைத்து, காம்பைக் கிள்ளி, முதலில் வரும் பாலைப் பீச்சிவிட்டு, மெல்லிய துணியில் பிழிந்தார். நார் துணியில் தங்கியது; சாறு தேன் போல் இறங்கியது. கரண்ட் இல்லை. தயிரைக் கையாலேயே கடைந்தார். வெண்ணெய் திரளும் முன் நிறுத்திவிட்டு, சாற்றையும் சர்க்கரையையும் ஊற்றிச் சுற்றினார். பால் குறைந்திருந்ததால் தயிரும் குறைவு; மறுநாள் உறைக்கு ஒரு கரண்டி ஒதுக்கிவிட்டு, மீதியைக் கடைசித் துளிவரை வழித்துப் போட்டார். கொஞ்சம் தண்ணீர் சேர்க்கக் குழாயைத் திறந்தார்.

அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் தொட்டி நிற்கிற இடம் சர்தார்னியின் மாமனார் பஞ்சாயத்துக்குக் கொடுத்தது. அதை நான் சொல்லவில்லை. அந்த வாரம் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பத்து மணிக்கு முற்றம் பெருக்கினார். பத்தரைக்கு மறுபடி பெருக்கினார். கயிற்றுக் கட்டிலை வேப்ப மர நிழலுக்கு இழுத்தார், நிழல் நகர்ந்ததும் மறுபடி இழுத்தார். பதினொன்றுக்கு, “வரமாட்டாங்கடி” என்றார். பத்து நிமிஷம் கழித்து, “வந்தாலும் குடிக்க மாட்டாங்க” என்றார். பிறகு, கடையில் வாங்கி வைத்திருந்த ஐஸ் உருகிவிட்டதா என்று பார்க்கப் போனார்.

பன்னிரண்டு மணிக்குச் சர்தார்னி வந்தார். தனியாக, குடையோடு, வியர்த்து. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. சாச்சி எவர்சில்வர் டம்ளரைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். விளிம்புவரை மஞ்சள். தட்டு ஆடவில்லை, சாச்சியின் மோவாய்தான் ஆடியது.

சர்தார்னி கை நீட்டி டம்ளரை எடுத்தார். எடுத்துவிட்டார்! உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

“மாம்பழமா?”

“ஆமாங்க பீபிஜி. வீட்டுல செஞ்சது.”

“அடி பாவி. எனக்குச் சர்க்கரை முந்நூறுல நிக்குது கேஜோ. பழம் பக்கமே போகாதேன்னு டாக்டர் திட்டறாரு.” டம்ளரைத் தட்டில் வைத்தார். விரலில் வழிந்த சொட்டைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். “சாதா லஸ்ஸி இருக்கா? உப்புப் போட்டது. ஒரு டம்ளர் குடு. நாக்கு ஒட்டிக்கிச்சு.”

சர்க்கரை நிஜமா, சாக்கா? சாக்கு என்றால் ஏன் லஸ்ஸி கேட்க வேண்டும்? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தாகம் தவிர ஒன்றும் தெரியவில்லை.

சாச்சி பானை இருந்த பக்கம் திரும்பினார். பானை கழுவிக் கவிழ்த்திருந்தது.

“லஸ்ஸி இல்ல பீபிஜி இன்னிக்கு,” என்றார். “நாளைக்கு வாங்க.”

சர்தார்னி நிமிர்ந்து சாச்சியைப் பார்த்தார். சர்தார்னியின் காது மடல் சிவந்தது. பிறகு, “சரி, நாளைக்கு” என்று மெல்லச் சொன்னார். மகனின் விசா பற்றி, முழங்கால் ஊசி பற்றிக் கொஞ்சம் பேசினார். வேலைக்கு வருகிறாயா என்று கேட்கவே இல்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெரு முனை திரும்பியதும் அம்மா அடுப்படியிலிருந்து வெடித்துக்கொண்டு வந்தார். “அவ குரல்லயே சொன்னியேடி! அப்படியே! கூலி லஸ்ஸி கேட்டா உன்னையும், சும்மா கேட்டா என்னையும் வாசல்ல நிக்க வச்சு இப்படித்தானே சொல்லி அனுப்புவா, ‘லஸ்ஸி இல்ல இன்னிக்கு, நாளைக்கு வா’ன்னு. பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துக் குடுத்துட்ட!”

“நான் வேணும்னு சொல்லலக்கா.” சாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். “நெசமாவே இல்லக்கா. கேட்டாங்க. வாய் தொறந்து கேட்டாங்க. நம்ம வீட்டுல, நம்ம டம்ளர்ல. நான் இல்லன்னுட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமைத் தயிர் பானையில் இருந்திருந்தால் ஒரு டம்ளர் லஸ்ஸி அரை நிமிஷ வேலை. அந்தத் தயிரைக் கொட்ட வைத்த பேச்சு என்னுடையது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாச்சியும் சொல்லிக் காட்டவில்லை. மாம்பழ லஸ்ஸியை நாங்கள் மூவரும் குடித்தோம். மிக நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாச்சி உப்பு லஸ்ஸி கடைந்தார். செம்பில் ஊற்றி மூடிக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். நின்றார். “நான் கொண்டுபோய்க் குடுத்தா அது வேற. அவங்க இங்க வந்து குடிக்கணும்” என்று திரும்பினார். சனிக்கிழமையும் கடைந்தார். அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.

சர்தார்னி வீட்டில் இப்போது பீகாரிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் வேலை செய்கிறார்கள். சாச்சி மறுபடி சர்தார்னி வரப்பிலேயே புல் அறுக்கிறார்; ஓடைப் புல்லோடு எருமை கடைசிவரை சமாதானமாகவில்லை. பேங்குக்கோ மருந்துக் கடைக்கோ போகும் வழியில் இருவரும் எதிர்ப்பட்டால், சர்தார்னி குடைக்கடியிலிருந்து கேட்கிறார்.

“கேஜோ, என் லஸ்ஸி எங்கடி?”

“வாங்க பீபிஜி. தோச்சு வச்சிருக்கேன்.”

“வரேன், வரேன்.”

அவர் வரவில்லை. சாச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இது நவம்பர், லஸ்ஸி குடிக்கிற காலம் போய்விட்டது. அந்த ஒரு டம்ளர் இன்னும் பாக்கி.