யாரும் பதில் சொல்லாத அறிவிப்பு

மேசையில் ஐந்து கருவிகளையும் வரிசையாக வைத்து, ஒன்றில் 'சோறு தின்னியா' என்று தட்டி அனுப்புகிறான் ஷாஜன். விண்டோஸ் கணினி, லினக்ஸ் மடிக்கணினி, வளைகுடாவிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கிய கண்ணாடி கீறிய ஐபோன், இரண்டு ஆண்ட்ராய்டு. மற்ற நான்கிலும் அந்தச் சோறு வந்து விழும்வரை இமைக்க மாட்டான். விழுந்ததும் அடுத்த அறைக்குக் குரல் கொடுப்பான்.

"அக்கா, ஒனக்கு வந்தா?"

நைட்டி தைத்துக்கொண்டிருக்கும் ஸ்மைலின், இயந்திரத்தின் மேல் கிடக்கும் பத்து வருடப் பழைய போனைப் பார்த்து, நேரத்தை நோட்டில் குறித்த பிறகே பதில் சொல்வாள். "வந்து மக்கா. நாலு நிமிசம் பிந்தி." பத்தாம் வகுப்போடு நின்றவள். தம்பியின் வேலை முழுவதும் புரியாது. ஆனால் வராத செய்தி எதுவும் அவளுக்குத் தப்பாது.

நாகர்கோவிலில் கடைகளின் பில் போடும் மென்பொருளைச் சரிபார்ப்பது ஷாஜனின் பிழைப்பு. மிச்சப் பொழுதெல்லாம் அவன் எழுதிவரும் இந்தச் செய்தி அனுப்பும் செயலிக்கு. எந்தக் கருவியிலும் ஓடும், விலை கிடையாது, உள்ளே எழுதியிருப்பதை யாரும் எடுத்துத் திருத்தலாம். பயன்படுத்துகிறவர்களை அது வேவு பார்ப்பதுமில்லை. அதனால் யாருக்காக உழைக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது. "கொறை சொல்லுகவனத்தான் எனக்குத் தெரியும். நல்லா ஓடுனா ஒருத்தனும் மிண்ட மாட்டான்" என்பான்.

செயலியைக் கூடச் சேர்ந்து எழுதிய நண்பன் வினோஜ் துபாய்க்குப் போனபின் எல்லாம் ஒற்றைக்கை. தட்டித் தட்டி வலியெடுத்து அந்தக் கையின் மணிக்கட்டிலும் இப்போது பட்டை.

பழைய போன்களுக்காகவே ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு ஞாயிறுகள் கூடுதலாகப் போகும். இந்தமுறை அதை நிறுத்தத் தீர்மானித்தான். பழைய போன் வைத்திருப்பவர்கள் ஒரு வாரத்துக்குள் ஒரு வரி எழுதுங்கள் என்று செயலியின் இணையதளத்தில் அறிவித்தான். ஒரு வரியும் வரவில்லை. ஞாயிறு காலை புதிய பதிப்பை வெளியிட்டான். அதை நிறுவியவர்கள் அனுப்பும் எதுவும் இனிப் பழைய போன்களுக்குப் போகாது.

சர்ச் முடிந்து வந்ததும், மனைவி பெபிஷாவையும் பிள்ளைகளையும் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போகப் புதுச்சட்டை போட்டான். அவளிடம் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த பயணம் அது.

"ஒருத்தனும் இல்லக்கா. நான்தான் வெறுதே கெடந்து சாவுதேன். ஒனக்கும் ஒரு புது போன் வாங்கித் தாறேன்."

போய்விட்டு வந்தபின் சொல்லலாம் என்றுதான் ஸ்மைலின் நினைத்திருந்தாள். நோட்டில் குறித்துவிட்டதை மறைக்க அவளுக்கு வராது.

"நீ போட்ட அறிவிப்பப் படிக்கணும்னு இன்னிக்குக் காலம்பற தட்டுனேன் லே. வெள்ளையாட்டே நிக்குது. தொறக்கேல்ல."

போனை வாங்கிப் பார்த்தான். போன மாதம் இணையதளத்தைப் புதுப்பித்தவன் அவனேதான். பழைய போன்களில் புதுப்பக்கம் திறக்கிறதா என்று பார்க்க மறந்திருந்தான்.

"அப்போ நீ கேட்டதே அவியளுக்குத் தெரியாதுல்லா" என்றாள் அக்கா, மெதுவாக.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள்.

"வாறியளா, இல்லியா?" பெபிஷா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

ஷாஜன் அக்காவின் போனை மேசையில் மற்ற ஐந்தோடு வைத்தான். மேலிருந்து ஒவ்வொன்றாகச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.