பியானோவில் கேட்ட அக்காவின் குரல்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூடுபனியில் எத்தனையோ உருவம் தெரியும், கிட்டப் போனால் தேயிலைச் செடியாக இருக்கும். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் உங்கள் மேல் எனக்குக் கோபம் வராது. இருக்கிற கோபமெல்லாம் வேறு ஓர் ஆள் மேல்.

எழுபதுகளின் கடைசி. பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட், பெயர் வேண்டாம். அங்கே துரை பங்களாவில் எனக்குச் சமையல்கட்டு வேலை. என் அக்கா பார்வதி மலையில் கொழுந்து பறித்தாள். துரை வெள்ளைக்காரர். அந்தக் காலத்துத் துரைகள் தமிழ்ப் பரீட்சை எழுதியாக வேண்டும், அதனால் எங்களைத் திட்டுவதுகூட நல்ல தமிழில்தான் திட்டுவார்.

அக்காவுக்குத் தலைப்பிரசவம். ராத்திரி வலி கண்டது, குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் கையைப் பிசைந்துகொண்டு, உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அந்த நேரத்துக்கு இருந்தது துரையின் வண்டி ஒன்றுதான். கங்காணி மழையில் ஓடிப்போய்க் கேட்டார். துரை சொன்ன பதிலை அவர் அப்படியே வந்து சொன்னார்: "டிரைவர் விடியறதுக்குள்ள ஈப்போ போகணும், தூங்கட்டும். காலையில திரிங்காப் ஊர்க் காய்கறி லோரி போகும், அதுல ஏத்தி அனுப்பு." அவ்வளவு தூரம் ஈப்போ டவுனுக்கு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பங்களா பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஆளைக் கூட்டிவர!

விடிய விடிய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வண்டி வந்துருச்சா?" நான் "வந்துகிட்டே இருக்குக்கா" என்பேன். என் முகத்தைப் பார்ப்பாள், நம்பமாட்டாள், மறுபடியும் கேட்பாள். லோரி வருவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டிலிருந்து அக்காவை எடுக்கும்போது, சுருதிக்காரரை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி ஹார்ன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனது.

காரியம் முடிந்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பங்களாவில் விருந்து. துரையின் சிநேகிதர் ஒருவர் சீமையிலிருந்து வந்திருந்தார், பெரிய பியானோக்காரராம். துரைசாணி சமையல்கட்டுக்கு வந்து எங்களுக்கு விளக்கினார். மேடை நிறைய ஆட்கள் பாடியே நடிக்கிற இத்தாலி நாட்டு நாடகம், அத்தனை பேர் பாட்டையும், பக்க வாத்தியங்களையும் சேர்த்து இவர் ஒருத்தரே பத்து விரலில் வாசிக்கப் போகிறார் என்று. சமையல்காரர் சிரித்துவிட்டார். "ராஜபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு எல்லாம் ஒரே ஆளா? நம்ம கூத்துக்காரன் தோத்தான் லா!"

பொய் சொல்லக்கூடாது, அந்த மனிதர் கையில் என்னவோ இருந்தது. இரண்டு கையா நாலு கையா என்று தோட்டக்காரர் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிற மாதிரி முதலில் முழங்கியது, பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எழும்பியது. பியானோ குரல் மாதிரி இருந்தது என்று நான் சொல்லவில்லை. குரல்தான். பக்கத்து எஸ்டேட் துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு யார் பாடுவது என்று புருஷனிடம் கேட்டார், அவர் கதவுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வேடிக்கை பார்க்க வந்து வேலி ஓரம் நின்ற லயத்துப் பெண்களுக்கும் அது கேட்டிருக்கிறது. எங்களில் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டால் அவளைத் தனியாக அழவிட மாட்டோம். ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, பியானோவோடு சேர்ந்து ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். துரை முகம் சிவக்க ஜன்னலுக்குப் போனார். "இதென்ன சாவு வீடா? கங்காணி, எல்லாரையும் விரட்டு!" விரட்டினார்கள். வாசிப்பு நிற்கவில்லை.

தேத்தண்ணீர்த் தட்டோடு கதவோரம் நின்ற எனக்கு அது பாட்டாகவே கேட்கவில்லை. "வண்டி வந்துருச்சா? வண்டி வந்துருச்சா?" நம்பினால் நம்புங்கள், அக்காவின் குரல், மூச்சு வாங்கி நிறுத்துகிற இடம்கூட அதே. துரையைப் பார்த்தேன். கால் மேல் கால் போட்டு, பாதத்தை ஆட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் வெறும் பியானோ! எந்தக் காதில் விழ வேண்டுமோ அந்தக் காதில் விழவில்லை. கொதிக்கிற தேத்தண்ணீரை அப்படியே அந்தத் தலையில் ஊற்றிவிடலாமா என்று கை துடித்தது.

முடித்ததும் அந்த மனிதர் பியானோவின் மூடியைச் சாத்தி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, முகம் வெளுத்துப்போயிருந்தது. துரையிடம் இங்கிலீஷில் கேட்டார், பங்களா வேலையில் பழகி எனக்கு அந்த அளவு புரியும். வாசிக்கும்போது ஒரு பெண் தன் பக்கத்திலேயே நின்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்கு என்ன அர்த்தம் என்றார். கேட்டுவிட்டு, வராத நாக்கை வளைத்துச் சொல்லியும் காட்டினார்: "வண்டி வந்துருச்சா." தமிழில் ஒரு வார்த்தை தெரியாத மனிதர்.

துரை சிரித்தார். வண்டி வந்துவிட்டதா என்று அர்த்தம், நீ எப்போது கிளம்புவாய் என்று வேலைக்காரிகள் பேசியிருப்பார்கள் என்றார். அப்புறம் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, நல்ல தமிழில் ஒரு சத்தம் போட்டார். "வண்டி வந்துருச்சு!"

மூடிக் கிடந்த பியானோவுக்குள்ளிருந்து "ம்" என்று வந்தது. மெதுவாக, நிம்மதியாக. பியானோக்காரர் சுட்டுக்கொண்டது போல் கையை இழுத்துக்கொண்டார். துரை கேக் வெட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அது என்ன, ஏன் என்று நீங்கள் எந்த விளக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எனக்கு ஆறாதது வேறு. கூடப் பிறந்தவள் நான், ராத்திரி முழுக்கச் சொன்னேன், என்னை நம்பவில்லை. அந்த ஆள் ஒரு தடவை சொன்னதும் நம்பிவிட்டாள்.