வடக்கே சிவந்த திங்கட்கிழமை

1989 மார்ச் 13, திங்கட்கிழமை. வழக்கம்போல எழுந்து, தேநீர் ஊற்றி, முதல்நாள் சோற்றை மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். சுவிஸ் மலையூரான லா ஷோ-து-ஃபோனில் தெருவோரங்களில் பனி இன்னும் அழுக்காகக் குவிந்து கிடந்தது. நாள் முழுவதும் கைக்கடிகாரக் கூடுகளை மெருகேற்றினேன். திரும்பும் வழியில் பாணும் பாலும் வாங்கினேன். இவ்வளவும் என் நாட்குறிப்பில் ஒரே வரியாக இருக்கின்றன. அதற்குக் கீழே இரண்டு பக்கங்கள் நிறைய எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்தது. சோலோதுர்னில் இருக்கும் மனைவியின் தம்பி.

"அத்தான், அக்கா ஆக்கள் வெளிக்கிட்டிட்டினமோ?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமைப் பஸ் எண்டுதான் கடிதத்தில எழுதியிருந்தவ."

"வவுனியாவுக்கு இஞ்சால ஒரு பஸ் கண்ணிவெடியில அம்பிட்டதாம். எந்தப் பஸ், ஆர் எவர் எண்டு தெரியேல்லை. றேடியோவைக் கேளுங்கோ."

"உனக்கு ஆர் சொன்னது?"

"வேலையிடத்தில ஒரு பெடியன். அவனுக்குக் கனடாவில இருந்து ஆரோ சொன்னவையாம்."

மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகக் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தார்கள். அவர்கள் தங்கவிருந்த லொட்ஜில் தொலைபேசி இல்லை. எனக்கு இருந்த ஒரே வழி சிற்றலை வானொலி. தினமும் வேலை முடிந்து வந்ததும் அதில் தமிழ்ச் செய்தி கேட்பேன்.

குமிழைத் திருகினேன். செய்தி வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வழக்கமான கொரகொரப்புக்கூட இல்லாத வெறும் இரைச்சல். பல்கனிக் கம்பியில் கட்டியிருந்த அரியல் வயரைக் கழற்றி மீண்டும் கட்டினேன். மின்கலங்களை மாற்றினேன். உள்ளூர்ப் பிரெஞ்சு நிலையம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அதில் ஒருவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். செய்திக்கான நேரம் அப்படியே முடிந்துபோனது.

என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்தவர் மன்னார்க்காரர். ஹோட்டல் சமையலறையில் வேலை, திங்கள் அவருக்கு லீவு. விஷயத்தைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இருட்டிய பிறகு, குப்பைப் பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தவர் பாய்ந்து உள்ளே வந்தார்.

"அண்ணை, லைற்றை நூருங்கோ! பரா அடிக்கிறாங்கள்!"

நான் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் சுவரோடு குந்திவிட்டேன். ஊரில் இராணுவம் பரா என்ற வெளிச்சக்குண்டை வானில் சுட்டால் அடுத்தது ஷெல் வரும். உடம்பு அதை மறக்கவில்லை. யன்னல் கண்ணாடி சிவந்திருந்தது. ஷெல் வரவில்லை. கதவு தட்டும் சத்தம்தான் வந்தது. கீழ்வீட்டுக்காரர் நாயோடு நின்றார். உங்கள் வீட்டில் மின்சாரம் போய்விட்டதா, அது கிடக்கட்டும், வந்து வானத்தைப் பாருங்கள் என்றார்.

தெருவுக்கு இறங்கினோம். வடக்கே, மலைமுகட்டுக்குப் பின்னால் வெளிறிய பச்சை வில் ஒன்று தாழ்வாகக் கிடந்தது. அதன் மேல் செம்மை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வில்லின் மேல்விளிம்பு பிய்ந்து, சீப்புப் பற்கள்போலக் கதிர்கள் நிமிர்ந்தன. அவை மெல்ல நகர்ந்தன. ஒன்று மங்க, பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. சிவப்பு தலைக்கு மேல் வரை ஏறியது. அதனூடாக நட்சத்திரங்கள் தெரிந்தன. கீழ்வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நெருப்பில்லையோ அண்ணை?"

"இல்லை. துருவ ஒளி. இவ்வளவு தெற்கை வாறது குறைவு."

ஊரில் நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்தத்தைக் கலக்குகின்றன என்றும், மேல்வளிமண்டலம் குழம்பித்தான் இப்படி ஒளிர்கிறது என்றும் மன்னார்க்காரருக்குச் சொன்னேன். சொல்லும்போதே வானொலியின் மௌனம் எனக்கு விளங்கியது. சிற்றலை அந்த மேலடுக்கில் பட்டுத்தான் தெறித்து வரும்.

"அப்ப றேடியோ பழுதில்லை?"

"வானந்தான் பழுது. ரசம் போன கண்ணாடி மாதிரி."

"எப்ப சரிவரும்?"

"அதுவா அடங்கவேணும்."

"நல்ல வாத்தியார்! விளக்கம் எல்லாம் இருக்கு, விடை மட்டும் இல்லை" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "கோவிக்காதேங்கோ அண்ணை" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. காரணம் தெரிந்தவனுக்குச் செய்ய எதுவும் இல்லாமல் போவது இன்னும் மோசம். காரணம் தெரியாதிருந்தால் அரியலையாவது திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

கதிர்கள் குலைந்து, இடையிடையே மங்கித் துலங்கும் திட்டுக்களாகின. அடங்குகிறது என்று நினைத்து மாடிக்கு ஓடி வானொலியைப் போட்டேன். ஆங்கிலச் செய்தியிலாவது ஒரு வரி வராதா என்று காதை ஒட்டிவைத்தேன். தூரத்தில் ஒரு குரல் எழும்பி, ஒரு சொல்லும் பிடிபடுமுன் அமிழ்ந்தது. யன்னலால் பார்த்தால் வில் மீண்டும் பிரகாசித்து, கதிர்கள் முந்தியதைவிட உயரமாக நின்றன. தெருவில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல்மீது வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உண்மையில் அந்த வானம் பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எழுதியது மட்டும். நிறம், உயரம், கதிர்கள் நகர்ந்த திசை, முகில் மறைத்த பக்கம். ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் 'வானொலி: இல்லை' என்று எழுதினேன். மன்னார்க்காரர் சோறு போட்டு வைத்தார். இருவரும் தொடவில்லை. மனைவியின் தம்பி திரும்பவும் தொலைபேசி எடுத்தான். அவனிடமும் புதிதாக எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக, தபாலகம் திறக்குமுன் அதன் வாசலில் போய் நின்றேன். லொட்ஜ் விலாசத்துக்கு, மனைவி பெயருக்கு ஒரு தந்தி எழுதினேன்: சேர்ந்தாயா, உடனே அறிவி. பதிலுக்கான கட்டணத்தையும் இங்கேயே கட்டுகிறீர்களா என்று எழுத்தர் கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னேன். கட்டினேன்.