கொடி கட்டாத வலை

புத்தளம் களப்பில் மோட்டார் படகொன்றில் போனோம். நண்பர்கள் மூவர்தான் படகின் ஆட்கள்: றிஸ்வான் என்ஜினில், இன்னொருவன் முன்னால் கம்போடு, நான் தண்ணீர் இறைக்க. றிஸ்வான் தனியாக ஓட்டிய முதல் நாள் அது. ஒரே கதையும் சிரிப்பும். பள்ளிவாசல்துறைக்கு எதிரே என்ஜின் முக்கி நின்றது. விசிறியில் யாருடையதோ வலை சுற்றியிருந்தது.

வலைக்காரர் தோணியில் வந்தார். தலையில் ஈரத் துவாய், பற்களுக்கிடையில் கத்தி. அவர் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, தன் வலையைத் தானே அறுத்தார். அறுத்த துண்டுகளைக் களப்பில் விடாமல் ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க நானா,” என்றான் றிஸ்வான். “இனி நான் ஓட்டல்ல,” என்று எழுந்தான்.

“இரிங்க தம்பி. வலை கிடக்கிற இடத்துல கொடி கட்டோணும். கட்டாம உட்டது என்ட பிழ. நீங்க எப்புடிக் காணுற? என்ஜினப் புடிங்க.”

றிஸ்வான் மறுபடி உட்காரும்வரை படகின் விளிம்பை அவர் விடவில்லை.

கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். வலையின் இரு முனைகளிலும் வெயிலில் வெளிறிய பழைய கறுப்புக் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. நடுவில் அவர் நின்று கையசைத்தார். றிஸ்வான் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் நல்ல ஓட்டி. அந்த நாளைப் பற்றிக் கதை வந்தால், “கொடி கட்டாதது அந்த மனுசன்ட பிழதானே?” என்பான்.

நான் “ஓம்” என்று தலையாட்டுவேன்.