என் கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளம்

எனக்கு ஐம்பத்து இரண்டு வயதானபோது, நான் குடிப்பவன் என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. அதுவரை காபியைத் தவிர வேறு எதற்கும் நான் அடிமைப்பட்டதில்லை. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறேன். கோயில் திருவிழாவில் பானகம் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

சந்தேகத்தைக் கொண்டுவந்தவர் கல்யாணத் தரகர். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு வீடு. பையன் இன்ஜினியர், அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஜாதகம் பொருந்தியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த தரகர் என்னிடம் எதுவும் சொல்லாமல் காபியைக் குடித்து முடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது என் மனைவியிடம் மட்டும் மெல்லக் கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா, சும்மா விசாரிக்கிறாங்க. சாருக்குப் பழக்கம் எதுவும் உண்டா? போட்டோவுல கண்ணப் பாத்தா கொஞ்சம் அப்படித் தெரியுதாம்."

மனைவி உள்ளே வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். முதலில் இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அந்தப் போட்டோவைத் தன் செல்போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. எல்லோரும் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டவர்கள்போல் இருந்தார்கள். நான் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைக்கப்பட்டவன்போல் இருந்தேன். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல் பள்ளம். பள்ளத்தில் கறுப்பு.

இதற்கு நான் செய்த பாவம் நடைப்பயிற்சி. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் இரண்டு வருஷம் விடாமல் நடந்தேன். சர்க்கரை இறங்கியது, கூடவே முகமும் இறங்கியது. வயிறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனைவி வைத்தியத்தைத் தொடங்கினாள். உருளைக்கிழங்குச் சாறு, பாதாம் எண்ணெய், வெள்ளரிக்காய்த் துண்டு. ஒருநாள் மதியம் இரண்டு கண்ணிலும் வெள்ளரிக்காயோடு நான் கூடத்தில் மல்லாந்து கிடந்தபோது கேஸ்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, சிலிண்டரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனதாக மனைவி பிற்பாடு சொன்னாள். மூன்று வாரத்தில் தோல் பளபளப்பானது. பள்ளம் அப்படியே இருந்தது, பளபளப்பான பள்ளமாக.

என் மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற வீடு தனக்கு வேண்டவே வேண்டாம் என்று அவள் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டு, இந்தப் பள்ளத்துக்கு ஊசி இருக்கிறது, திருச்சியில் சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறேன் என்றாள். அந்தப் பையனோடு அவள் பதினைந்து நாளாகப் போனில் பேசிக்கொண்டிருந்த விஷயம் எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் இளம்பெண்கள். நான் மனைவிக்குத் துணையாக வந்தவன்போல் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து என் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். கையில் கண்ணாடியைக் கொடுத்து, தலைக்கு மேலிருந்த விளக்கை இறக்கி முகத்துக்கு நேரே வைத்தார். கறுப்பு மறைந்துவிட்டது. திரும்ப மேலே தூக்கினார். கறுப்பு வந்துவிட்டது.

"இது கருப்பு இல்ல சார். நிழல். பள்ளம் இருக்கு, அதுல நிழல் விழுது. நிழலுக்கு க்ரீம் தடவி என்ன பண்றது?"

மனைவி தரையைப் பார்த்தாள். வீட்டில் பாதாம் எண்ணெய் பாட்டிலில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது.

வயது ஏற ஏறக் கண்ணுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு சுருங்கிவிடும், கன்னமும் கொஞ்சம் கீழே இறங்கிவிடும், அந்த இடைவெளிதான் குழியாகத் தெரிகிறது என்று விளக்கினார். வயிற்றில்தான் நிறைய இருக்கிறதே, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட முடியாதா என்று கேட்டேன். நான் கேட்டது வேடிக்கைக்கு. அவர் சிரிக்காமல், அப்படியும் செய்வது உண்டு, ஆனால் அது ஆபரேஷன், உங்களுக்கு ஜெல் ஊசி போதும் என்றார். ஜெல் ஒரு வருஷம்போல இருந்துவிட்டுத் தானே கரைந்துவிடும். பிடிக்காவிட்டால் இன்னொரு ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். ஆனால் கண்ணை ஒட்டிய இடம் என்பதால் விளையாட்டில்லை, ரத்தக் குழாயில் போய்விட்டால் பார்வைக்கே ஆபத்து. அது அபூர்வம், இருந்தாலும் பார்வை மங்கினாலோ வலி கூடினாலோ உடனே போன் செய்ய வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ரத்தம் கட்டி நீலமானால் வடிய இரண்டு வாரம்வரை ஆகலாம். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

பல்வலிக்காக மூன்று நாளாக நான் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அது எனக்கு ஞாபகமே வரவில்லை. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் எழுதும் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைப்பவன் நான்.

மரத்துப்போக ஒரு களிம்பு தடவி, கன்னத்தில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். வலி பெரிதாக இல்லை. தோலுக்கு அடியில் யாரோ நடமாடுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். முடிந்து கண்ணாடியைப் பார்த்தபோது அதில் என் தம்பி தெரிந்தான். அவனோடு எனக்கு ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் அழகாகத்தான் இருந்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. எல்லாம் கணக்காகத்தான் செய்திருந்தோம். மறுநாள் காலையில் எழுந்தால் இடது கண்ணுக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் ஒரு வீக்கம். டாக்டரம்மாவுக்குப் போட்டோ அனுப்பினோம். அவர் வீடியோவில் கூப்பிட்டுப் பார்வையைச் சோதித்தார், மாத்திரை விஷயத்தைக் கறந்தார், வலி மாத்திரை ரத்தத்தை இளக்கியதால்தான் இப்படிக் கட்டியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, தானே வடியும் என்றார். மனைவி என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"முன்னாடி குடிக்கிறவரு மாதிரி இருந்தீங்க. இப்பக் குடிச்சிட்டு விழுந்தவரு மாதிரி இருக்கீங்க."

பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காலையில் பால் ஊற்றும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். சாயங்காலத்துக்குள் என் மனைவி என்னை அடித்துவிட்டாள் என்று தெரு முடிவு செய்திருந்தது. ஏன் அடித்தாள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காரணம் இருக்கும் என்று எல்லோருமே நம்பினார்கள்.

நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு வாசலில் கார் நின்றது. தரகரும் பையனின் அப்பா அம்மாவும் இறங்கினார்கள். ஆவுடையார்கோவிலுக்குப் போனார்களாம், சாமி கும்பிட்ட கையோடு அப்படியே இங்கிட்டும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியதாம். சொல்லாமல் வந்து வீட்டைப் பார்ப்பதுதான் அவர்கள் எண்ணம் என்று எனக்குப் புரிந்தது. நான் அவர்களாக இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

மகளின் கூலிங்கிளாஸ் கைக்குக் கிடைத்தது. மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு கும்பிட்டவனைப் பார்த்ததும் தரகரின் முகம் செத்துவிட்டது. மனைவி முந்திக்கொண்டு, அவருக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது என்றாள். பையனின் அம்மா நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நானும் ஒத்துக்கொண்டு இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினேன்.

பையனின் அப்பா மட்டும் முன்னால் நகர்ந்தார். அவர் பார்த்தது என்னை அல்ல, கண்ணாடியை.

"இது மட்டமான கண்ணாடி சார். கண்ணுக்குக் கெடுதி. கழட்டுங்க, எப்படி இருக்குன்னு பாப்போம். எனக்கு ஒட்டாது, தெனம் பத்துக் கண்ணு பாக்குறவன்."

மறுத்துப் பார்த்தேன். அவர் கையே வந்துவிட்டது. கழற்றினேன். கண் பால்போல் வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே நாவற்பழம்.

"எங்க விழுந்தீங்க?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்த கனிவுதான் என்னை உடைத்தது. இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ, அவர்கள் விசாரித்தது, வெள்ளரிக்காய், திருச்சி, ஜெல், பல்வலி மாத்திரை. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. ஐம்பத்து இரண்டு வயது ஆள், கண்ணுக்குக் கீழே ரொப்பிக்கொண்டு வந்த கதையைச் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகள் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

பையனின் அம்மா தரகரைப் பார்த்தார். நாங்கள் கண்ணைப் பற்றி எப்போது பேசினோம் என்று கேட்டார். தரகர் காபி டம்ளருக்குள் பார்த்தார். சும்மா கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று, போட்டோ, கண் என ஒரு காரணத்தைத் தான்தான் சேர்த்ததாகச் சொன்னார்.

பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"பழக்கம் உண்டான்னு கேக்கச் சொன்னது நெசந்தான். எந்த வீடா இருந்தாலும் கேப்போம். ஏன்னா நான் குடிச்சவன். விட்டு ஒம்பது வருஷமாச்சு. சம்பந்தி குடிக்கிறவரா இருந்தா, நல்லது கெட்டதுல கூட உக்காரச் சொல்லுவாரோன்னு இவளுக்குப் பயம்."

அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்த மனிதரின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கன்னம் திரண்டு, கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம்கூட இல்லாமல், பாலாடைபோல் இருந்தது. பல வருஷம் குடித்த முகம் அது. ஒரு துளி தொடாத முகத்துக்கு ஊசி தேவைப்பட்டிருக்கிறது.

"எங்க வீட்டுல காபிதாங்க. ரெண்டு தடவ வேணாக் குடுப்பேன்" என்றேன்.

"அப்ப வாரேன் சம்பந்தி" என்று கிளம்பும்போது சொன்னார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனைவி உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள்.

நிச்சயதார்த்தத்துக்குள் நீலம் வடிந்துவிட்டது. முகம் நன்றாகவே இருந்தது. கல்யாண ஆல்பம் வந்தபோதுதான் பார்த்தோம், ஸ்டூடியோக்காரர் மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கம்ப்யூட்டரிலேயே பள்ளத்தை ரொப்பியிருந்தார். சமையல்காரர் உட்பட ஒருவர் கண்ணுக்குக் கீழேயும் நிழல் இல்லை.

ஊசி போட்டு ஒன்றேகால் வருஷம் ஆகிறது. போன மாதம் பள்ளியில் கை கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். இடது பக்கம் லேசாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி யாரும் என்னைப் பற்றி விசாரிக்கப் போவதில்லை. ஆகவே கவலைப்பட ஒரு காரணமும் இல்லை என்று எனக்கு நானே மூன்று நாள் எடுத்துச் சொன்னேன். நான்காம் நாள் திருச்சிக்குப் போன் செய்து, சனிக்கிழமைக்கு நேரம் கேட்டேன். மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் கன்னத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்தே கேட்டிருக்கலாம் என்றாள்.